வெள்ளவத்தைச் சனிக்கிழமை ஆங்கில இலக்கிய வகுப்பு: பிள்ளையைச் சேர்க்கலாமா?

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டு மேல்மாடியில் இந்த வகுப்பு நடக்கிறது. சனிக்கிழமை பின்னேரம் இரண்டரை மணிக்குத் தொடங்கி ஐந்துக்கு முடியும். ஒரு சுற்றுக்கு 14 சனிக்கிழமைகள். பெயர்ப்பலகை கிடையாது. ஒரு பெற்றோர் சொல்லி இன்னொரு பெற்றோர் அறிந்துகொள்வதுதான் வழக்கம், அதனால் இங்கும் பெயர் குறிப்பிடவில்லை. லண்டன் உயர்தரம் (பிரித்தானிய ஏ லெவல்) எழுதும் பிள்ளைகளும், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிப்பதற்காக ஏ.பி. (அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட் என்ற அமெரிக்கப் பரீட்சை) ஆங்கில இலக்கியம் எழுதும் பிள்ளைகளும் ஒன்றாக இருக்கிறார்கள். 18 பேருக்கு மேல் எடுப்பதில்லை. கட்டணம் நாளுக்கு 2,500 ரூபா, மாத முடிவில் காசாகக் கொடுக்க வேண்டும்.

இந்தச் சுற்றின் கருப்பொருள் வெளியாட்களும் ஏகாதிபத்தியமும். பாடநூல்கள் நான்கு: ஜோசப் கொன்ராட்டின் ‘ஹார்ட் ஒஃப் டார்க்னஸ்’, நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபேயின் ‘திங்ஸ் ஃபோல் அபார்ட்’, ஜோர்ஜ் ஓர்வெலின் ‘ஷூட்டிங் அன் எலிஃபன்ட்’ என்ற கட்டுரை, லெனாட் வுல்ஃபின் ‘தி வில்லேஜ் இன் த ஜங்கிள்’. தெரிவு நல்லது. வைத்திருக்கும் வரிசைதான் பிழை.

முதல் நான்கு கிழமையும் கொன்ராட். பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான், பின்வாங்குபவர்கள் பின்வாங்குவதும் இங்கேதான். 1899இல் சஞ்சிகையில் தொடராக வந்து, 1902இல் நூலில் சேர்ந்த கதை அது. நீளம் பெரிதில்லை, சொல்லும் முறைதான் சிக்கல். தேம்ஸ் நதியில் நங்கூரமிட்ட படகில் பெயரில்லாத ஒருவன் இருக்கிறான். அவனுக்கும் மற்றவர்களுக்கும், தான் ஆபிரிக்காவில் கொங்கோவுக்குப் போய்வந்த கதையை மார்லோ சொல்கிறான். மார்லோவின் கதைக்குள் வேறு ஆட்கள் பேசுகிறார்கள். இந்த மூன்று அடுக்கும் பிடிபடாத பிள்ளை, ஆபிரிக்கர்களைப் பற்றி மார்லோ சொல்வதையெல்லாம் கொன்ராட்டே சொன்னதாக எழுதிவிடும். அல்லது அதற்கு நேர்மாறாக, எல்லாம் மார்லோவின் பார்வைதான், கொன்ராட்டுக்கு அதில் பங்கில்லை என்று முடித்துவிடும். இரண்டுமே பரீட்சையில் அடிவாங்கும் விடைகள்.

ஐந்தாம் கிழமை, அச்செபே 1975இல் மசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரை வருகிறது. கொன்ராட்டின் கதையில் ஆபிரிக்கர்களுக்குப் பேச்சே இல்லை, பேச விட்ட ஓரிரு இடத்திலும் அது உடைந்த ஆங்கிலம் என்பது அந்த உரையின் முக்கியமான சாட்சியங்களில் ஒன்று. வகுப்பெடுக்கும் மிஸ் இதை நடத்தும் விதம் அருமை. உரையைக் கொடுக்கும் முன்பே, கதையில் ஆபிரிக்கர் ஒருவர் வாய் திறந்து பேசும் இடங்களைத் தேடிக் கோடிடச் சொல்கிறார். தேடித் தேடி, கோடு போட்டது இவ்வளவுதானா என்று பிள்ளைகள் பார்க்கும் நேரத்தில்தான் உரை கைக்கு வரும். அச்செபே கோபப்படுகிறார் என்று எழுதுகிற பிள்ளைக்கும், எதை எண்ணிப் பார்த்து அவர் அந்த இடத்துக்கு வந்தார் என்று எழுதுகிற பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு பயிற்சிதான்.

இந்த வகுப்புக்குக் காசு கொடுப்பது வீண் போகாது என்று உறுதியாகச் சொல்ல வைப்பது ஓர்வெல் நடக்கும் இரண்டு கிழமை. 1922 முதல் 1927 வரை பர்மாவில் பொலிஸ் அதிகாரியாக இருந்த ஓர்வெல், 1936இல் வெளியிட்ட சிறிய கட்டுரை அது. மதம் பிடித்த யானை ஒன்று மௌல்மெய்னில் கடைத்தெருவைக் கலக்குகிறது. பொலிஸ்காரன் துவக்கோடு போகிறான். அவன் போய்ச் சேரும்போது யானை மதம் தணிந்து புல் மேய்ந்துகொண்டிருக்கிறது. சுட வேண்டிய தேவை இல்லை. பின்னால் நிற்கும் இரண்டாயிரம் பேரும் தன்னைப் பார்த்துச் சிரித்துவிடக் கூடாது என்பதற்காகச் சுடுகிறான். வழமையான வகுப்புகள் இந்த இடத்தில், ஆள்பவனே அடிமையாகிறான் என்று குறிப்பெழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடும்.

இங்கே அப்படி விடுவதில்லை. யானை மிதித்துக் கொன்ற மனிதனைப் பிடித்துக்கொள்கிறார் மிஸ். அவன் கட்டுரையில் எத்தனை இடத்தில் வருகிறான், ஒவ்வொரு இடத்திலும் அவனுக்கு என்ன சொல் என்று வரிசையாக எழுத வேண்டும். முதலில் சேற்றில் கிடப்பது ஒரு ‘மனிதனின்’ உடல். அடுத்த வாக்கியத்திலேயே அவன் இந்தியன், கறுத்த திராவிடக் கூலி ஆகிவிடுகிறான். பிறகு யானைக்கு முன்னால் நிற்கும்போது, தனக்கு ஏதும் நடந்தால் மேட்டில் கிடக்கும் அந்த இந்தியனைப் போலப் பல்லிளித்த பிணமாகிவிடுவேனே என்று பொலிஸ்காரன் அஞ்சுகிறான். கடைசியில், ‘கொறிங்கிக் கூலி’ ஒருவனை விட யானைக்கு மதிப்பு அதிகம் என்று இளம் வெள்ளையர்கள் பேசுகிறார்கள். முடிக்கும் தறுவாயில் பொலிஸ்காரன், அந்தக் கூலி செத்தது நல்லதாய்ப் போயிற்று, சட்டப்படி என் பக்கம் நியாயமானது என்கிறான். யானைக்கு விலை உண்டு: உயிரோடு என்றால் குறைந்தது 100 பவுண், செத்தால் தந்தத்துக்கு 5 பவுண் இருக்கலாம். மனிதனுக்கு விலையும் இல்லை, கடைசி வரை பெயரும் இல்லை.

கொறிங்கி என்பது கோதாவரிக் கழிமுகத்தில், காக்கிநாடாவுக்குப் பக்கத்தில் இருந்த துறைமுகம். அங்கிருந்து கப்பலேறி பர்மாவுக்கு வேலைக்குப் போனவர்களை அந்தப் பெயராலேயே அழைத்தார்கள். ‘கூலி’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் சொல்லப்படும் வேர்களில் ஒன்று நம்முடைய கூலிதான். தமிழ்ப் பிள்ளைக்கு இந்த வரி வேறெவருக்கும் தைக்காத இடத்தில் தைக்கிறது. பர்மியனுக்கும் வெள்ளைக்காரனுக்கும் இடையிலான கதை என்று எல்லோரும் படிக்கும் கட்டுரைக்குள் மூன்றாவது ஆள் ஒருவன் செத்துக் கிடக்கிறான். அவன் அந்த ஊரானும் அல்ல, ஆள்பவனும் அல்ல. ஏகாதிபத்தியம் கடல் கடத்திக் கொண்டுவந்து போட்ட ஆள். இந்தக் கட்டுரையைப் பற்றிய பெரும்பாலான வழிகாட்டிக் குறிப்புகள் அவனை யானை செய்த நாசங்களில் ஒன்றாக எண்ணிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. இந்த வகுப்பில் அவன்தான் பாடம்.

இன்னொன்றையும் மிஸ் கவனிக்க வைக்கிறார். செத்தவனின் முகம் வேதனையில் பல்லிளித்தபடி கிடக்கிறது. பொலிஸ்காரன் உயிரோடு அஞ்சுவதோ கூட்டத்தின் சிரிப்புக்கு. இளித்த பல்லும் சிரிப்பும் கட்டுரையில் இப்படி எதிரெதிரே வைக்கப்பட்டிருப்பதைத் தானாகவே கண்டு எழுதும் பிள்ளைக்கு, பரீட்சகர் தேடும் ஆழம் அங்கேயே கிடைத்துவிடும்.

வகுப்பின் அடுத்த பெரிய பலம் தமிழ். கலந்துரையாடலின் முதல் 15 நிமிடம் எந்த மொழியிலும் பேசலாம். ‘அவுட்சைடர்’ என்ற ஒற்றை ஆங்கிலச் சொல்லைப் பலகையில் எழுதி, அதற்குத் தமிழில் என்னென்ன சொல்வீர்கள் என்று மிஸ் கேட்கிறார். அந்நியன், வெளியாள், பிறத்தியார், வந்தேறி, வந்தான் வரத்தான், பரதேசி, ஒதுக்கப்பட்டவன், ஊர்விலக்கானவன். அதற்குப் பிறகு ஒவ்வொரு பாத்திரத்தையும் எந்தச் சொல்லுக்குக் கீழே போடுவது என்பதில்தான் வாக்குவாதம். ஓர்வெலின் பொலிஸ்காரன் அந்நியன் என்பதில் யாருக்கும் தடையில்லை. கொறிங்கிக்காரன் வந்தான் வரத்தான். ஒகொங்வோ?

அச்செபேயின் நாயகன் ஒகொங்வோ, கை தவறி ஒருவனைக் கொன்றதற்காக ஏழு ஆண்டுகள் தாயின் ஊரான ம்பாந்தாவில் போய் இருக்க வேண்டியவன். அங்கே அவனுக்கு இடம் கொடுப்பவர் உச்செண்டு, தாயின் தம்பி. ஆங்கில விளக்கக் குறிப்புகள் ஒரு பந்தி எழுதி விளக்குகிற உறவு இது. ‘தாய்மாமன் வீட்டில இருக்கிறான்’ என்று நம் பிள்ளை ஒரே மூச்சில் சொல்லிவிடும். மதிப்போடு இருக்கிறான், உரிமையோடு இல்லை என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அடுத்தது ஒசு. ஒரு தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டு, ஊருக்குள்ளேயே இருந்தும் ஊரோடு கலக்க முடியாதவர்கள். கொண்டு கொடுக்கவும் முடியாது. 18ஆம் அத்தியாயத்தில் அவர்கள் தேவாலயத்துக்குள் வர, முன்பே மதம் மாறியவர்கள் அதை எதிர்க்கிறார்கள். யாழ்ப்பாணத்து மாவிட்டபுரத்தில் 1968இல் ஒடுக்கப்பட்ட சாதியினரின் ஆலயப் பிரவேசத்துக்காக நடந்த போராட்டத்தை வீட்டில் கேட்டறிந்த பிள்ளைக்கு, இந்த அத்தியாயம் எதைப் பற்றியது என்று யாரும் விளக்கத் தேவையில்லை. வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே அந்த ஊரில் வெளியாட்கள் இருந்தார்கள், அந்த வெடிப்பின் வழியாகத்தான் அவன் உள்ளே வந்தான் என்ற வாதம் அங்கிருந்து தானாகப் பிறக்கிறது. நாவலின் தலைசிறந்த வாசிப்புகளில் அது ஒன்று.

ஒரு எச்சரிக்கை, மிஸ்ஸும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். மாவிட்டபுரத்தை விடைத்தாளில் எழுதக் கூடாது. அது யோசிக்கப் பிடித்த ஏணி, மேலே ஏறியதும் விட்டுவிட வேண்டும். விடையில் இருக்க வேண்டியது ஒசுக்களைப் பற்றி அச்செபே தெரிந்தெடுத்த சொற்கள். ஒப்பீட்டை எழுதத் தொடங்கும் பிள்ளை, ஒரு கட்டுரைக்குக் கிடைக்கும் 40 நிமிடத்தில் 10 நிமிடத்தை நூலுக்கு வெளியே செலவழித்துவிடும்.

நாவலின் கடைசிப் பந்தியில் மாவட்ட ஆணையாளர் தான் எழுதப்போகும் புத்தகத்தை நினைத்துப் பார்க்கிறார். ஒகொங்வோவுக்கு ஒரு அத்தியாயமே கொடுக்கலாம் என்று முதலில் தோன்றுகிறது, பிறகு அத்தியாயம் வேண்டாம், ஒரு பந்தி போதும் என்று குறைக்கிறார். நாம் 25 அத்தியாயம் படித்து முடித்த ஒரு வாழ்வு ஆளுபவன் கையில் ஒரு பந்தியாகிறது. இதற்கு வகுப்பில் ஒரு மணித்தியாலம் ஒதுக்குகிறார்கள், அது முழுவதும் பயனுள்ளது. ஆணையாளரின் இடத்தில் இருந்து அந்த ஒரு பந்தியை எழுதி வரச் சொல்வது அந்தக் கிழமை வீட்டுவேலை. எதை விட்டுவிட்டோம் என்று எழுதி முடித்தபின் பார்க்கும்போதுதான் முழுக் கனமும் விளங்கும்.

வுல்ஃபுக்கு இரண்டு கிழமைதான் கொடுத்திருக்கிறார்கள், அது போதாது. 1904இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் வேலை பார்த்து, 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த ஆங்கிலேயர் எழுதிய நாவல் அது. 1913இல் வெளிவந்தது. கதை முழுவதும் காட்டோரச் சிங்களக் கிராமம் ஒன்றில், சிலிந்துவும் அவன் பெண்பிள்ளைகளும் படும் பாட்டைப் பற்றியது. வெள்ளைக்காரர் ஓரிரு இடத்தில்தான் தலைகாட்டுகிறார்கள். முக்கியமானது வழக்குக் காட்சி: சிலிந்துவும் மருமகன் பாபுனும் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார்கள், தங்களைச் சுற்றி நடப்பது என்னவென்றே அவர்களுக்கு விளங்கவில்லை. வுல்ஃப் தாமே நீதவானாக இருந்து வழக்குக் கேட்டவர். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், இந்தப் பக்கம் நிற்பவனுக்குள் புகுந்து எழுதியது எவ்வளவு தூரம் முடிந்திருக்கிறது என்பது ஒரு முழுப் பின்னேரத்துக்கான கேள்வி. வகுப்பில் அதைத் தொடாமலே விட்டுவிட்டு, கதைச் சுருக்கத்தோடு நிறுத்துகிறார்கள். கொழும்பில் இருந்துகொண்டு இந்த நூலுக்குக் குறைவான நேரம் கொடுப்பது பெரிய குறை.

திருத்தும் முறைக்கு வருவோம். ஏ.பி. கட்டுரை ஒன்றுக்கு 6 புள்ளி: தீசிஸுக்கு, அதாவது மைய வாதத்துக்கு 1, சான்றுக்கும் விளக்கத்துக்கும் 4, ஆழத்துக்கு 1. மூன்று கட்டுரைக்கு 120 நிமிடம், ஆகவே ஒன்றுக்கு 40. வகுப்பில் பழக்குவது 10 நிமிடம் வாசித்துக் கோடிட, 5 நிமிடம் திட்டமிட, 22 நிமிடம் எழுத, 3 நிமிடம் திருப்பிப் பார்க்க. திட்டமிடும் 5 நிமிடத்தை வெட்டும் பிள்ளைகள்தான் கதையைத் திருப்பிச் சொல்லத் தொடங்குகிறார்கள், ஏனென்றால் வாதம் கையில் இல்லாதபோது பேனைக்குக் கிடைக்கும் ஒரே வழி கதைதான்.

மேற்கோளுக்கு இங்கே உள்ள விதி எளிமையானது, கடுமையானது: எட்டுச் சொல்லுக்கு மேல் எடுக்காதே, எடுத்தால் அதன் பின்னால் இரண்டு வாக்கியம் எழுது. முதல் வாக்கியம் எந்தச் சொல் என்பதைச் சொல்ல வேண்டும். இரண்டாவது, அந்த இடத்தில் வேறு சொல் வராமல் அது ஏன் வந்தது என்பதை. ‘இதன் மூலம் ஆசிரியர் ஏகாதிபத்தியம் கெட்டது என்று காட்டுகிறார்’ என்ற வகை வாக்கியத்தை மிஸ் சிவப்பால் வெட்டிவிட்டு, ஓரத்தில் ‘எந்தச் சொல்?’ என்று மட்டும் எழுதுகிறார். மூன்றாவது நான்காவது கட்டுரையில் அந்த ஓரக்குறிப்பு அரிதாகிவிடுகிறது. விடைத்தாள் அடுத்த சனிக்கிழமையே கைக்குத் திரும்பி வரும், தாமதம் இல்லை.

லண்டன் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு பாதகம் உண்டு. அவர்களுடைய புள்ளித்திட்டங்களில் எழுதப்பட்ட காலத்தின் பின்னணிக்கோ, மற்ற விமர்சகர்களின் கருத்தை மதிப்பிடுவதற்கோ தனியாக இடம் இருக்கும். ஏ.பி. முறையில் பின்னணிக்கென்று தனிப் புள்ளி இல்லை. வகுப்பு ஏ.பி. அளவுகோலாலேயே எல்லோரையும் திருத்துகிறது. ஆகவே லண்டன் பிள்ளை தன்னுடைய பரீட்சைச் சபையின் புள்ளித்திட்டத்தை அச்செடுத்துக் கொண்டுபோய், தன் விடையை அதன்படியும் பார்க்கும்படி கேட்க வேண்டும். கேட்டால் மிஸ் செய்து தருகிறார். கேட்காத பிள்ளைக்கு அது கிடைப்பதில்லை. பின்னணி எழுதும்போது கொங்கோ நாடு பெல்ஜிய அரசர் லியோபோல்ட்டின் சொந்த உடைமையாக 1885 முதல் 1908 வரை இருந்த வரலாற்றை ஒரு பக்கத்துக்கு அள்ளிக் கொட்டுவது இந்த வகுப்புப் பிள்ளைகளிடமும் காணும் பிழை. ஒரு வரி போதும், அந்த வரியும் நூலின் ஒரு சொல்லோடு ஒட்டி நிற்க வேண்டும்.

உள்ளூர்ப் பாடத்திட்டத்தில் உயர்தர ஆங்கிலம் எழுதும் பிள்ளைக்கு இந்த வகுப்பு பொருந்தாது. அவர்களுக்குப் பாடநூல்கள் வேறு.

நூல் விஷயத்தில் இந்த வகுப்பைக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. அச்செபே நாவலை முழுவதுமாகப் போட்டோக்கொப்பி அடித்து, சுருள் கம்பி போட்டுக் கொடுக்கிறார்கள். நமது 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 70 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு, அச்செபே இறந்தது 2013இல். சட்டம் ஒருபுறம், அந்தப் பிரதியில் ஓரம் வெட்டுப்பட்டுக் குறிப்பெழுத இடமே இல்லை. பக்க எண்ணும் பல இடத்தில் மறைந்துவிட்டது. மருதானைப் பக்கம் டீ. ஆர். விஜேவர்தன மாவத்தையோரப் பழைய புத்தகக் கடைகளில் தேடிப் பாருங்கள், இல்லாவிட்டால் புதிதாகவே வாங்கிக் கொடுங்கள். பிள்ளை இரண்டு வருடம் வைத்துப் படிக்கப்போகும் நூல். கொன்ராட் 1924இலும் ஓர்வெல் 1950இலும் இறந்தவர்கள், அவர்களுடையதை இணையத்திலிருந்து இறக்கி, ஓரம் அகலமாக விட்டு அச்செடுக்கலாம்.

இடவசதி சுமார். கரையோர ரயில் போகும்போது யன்னல் அதிரும், கடைசி வரிசைக்கு அந்த அரை நிமிடம் ஒன்றும் கேட்காது. முன் மூன்று வரிசையில் இடம் பிடிக்க இரண்டேகாலுக்குப் போய்விட வேண்டும்.

பாடத்தெரிவில் ஒரு இடைவெளி மனதை உறுத்துகிறது. பர்மாவில் செத்த கொறிங்கித் தொழிலாளிக்காக இவ்வளவு அக்கறை காட்டும் வகுப்பு, நம் மலையகத்தை நோக்கித் திரும்பவே இல்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தோடு, தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களே நாடற்றவர்கள் ஆனார்கள். 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் போன சி. வி. வேலுப்பிள்ளை, தேயிலைத் தோட்ட வாழ்வை ஆங்கிலத்திலேயே நீண்ட கவிதையாக எழுதியிருக்கிறார். அதைச் சக்தீ பாலையா ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று தமிழாக்கியிருக்கிறார். ஓர்வெல் கட்டுரையில் வாய் திறக்காமல் கிடப்பவனுக்குப் பக்கத்தில், அவனைப் போலவே கடல் கடந்து வந்தவர்களின் வழிவந்த ஒருவரின் ஆங்கிலக் குரலை வைத்துப் படிக்க ஒரு சனிக்கிழமை போதும். கொன்ராட்டின் நான்கு கிழமையில் ஒன்றைக் குறைத்தால் அந்த நேரம் கிடைக்கும். பெற்றோர் இரண்டு மூன்று பேர் சேர்ந்து கேட்டால் மிஸ் மறுக்க மாட்டார் என்றே படுகிறது.

சேர்ப்பதாக இருந்தால், தொடங்குவதற்கு இரண்டு கிழமை முன்பே பிள்ளையின் கையில் ஓர்வெல் கட்டுரையைக் கொடுங்கள். வகுப்பின் வரிசைக்குக் காத்திருக்க வேண்டாம். ஒரே இருப்பில் வாசித்து முடிக்கக்கூடிய நீளம், கதை சொல்பவனுக்கும் எழுதியவனுக்கும் உள்ள இடைவெளியைப் பழக அதை விட இலகுவான நூல் பட்டியலில் இல்லை. அதன் பிறகு கொன்ராட்டின் முதல் இருபது பக்கம், இரண்டு நிறப் பென்சிலோடு. மார்லோ பேசும் பந்திகள் மேற்கோள் குறியோடு தொடங்கும், அந்தக் குறி இல்லாத பந்தி படகில் இருக்கும் பெயரில்லாதவனுடையது. ஒருவனுக்கு நீலம், மற்றவனுக்குச் சிவப்பு. முதல் சனிக்கிழமை அந்த அச்சுப்பிரதியையும் பென்சிலையும் கையோடு கொண்டுபோகட்டும்.